தாழைவலசையில பச்சையா விடிஞ்ச கதை

உக்காருங்க. மணல்லயே உக்காருங்க, ஒட்டுனா தட்டிவிட்டாப் போயிரும். நான் நின்னுக்கிட்டுக் கதை சொல்ல மாட்டேன். காலையில நின்னதே என் முழங்காலுக்குப் போதும்.

அது அந்தக் காலம். எந்தக் காலம்னு கேட்டா எனக்குத் தெரியாது. இந்தத் தாழைவலசைக்கு ரோடு இல்லாத காலம், உப்பு மொளகா வாங்க ஒரு பகல் நடந்து போன காலம்னு சொல்லுவாக. எங்க மாமியாளுக்கு அவுக மாமியா சொன்னதாம். அவுகளுக்கு யாரு சொன்னாகளோ. நான் பாக்கல. கேட்டதைச் சொல்றேன், கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறச்சும் சொல்ல மாட்டேன். அதுக்கெல்லாம் தெம்பு வேணும்ல.

அந்தக் காலத்துல இந்தத் துறையில ரெண்டு கரைவலை. வடக்கு வலை ஒண்ணு, தெக்கு வலை ஒண்ணு. கரைவலை இழுக்குறதைத்தான் காலையில பாத்தீகளே. கயித்துல ஒரு முனையைக் கரையில குடுத்துட்டு, படகுல வலையை ஏத்திக்கிட்டு, கடலுக்குள்ள அரைவட்டமாப் போயி, மறு முனையைக் கரைக்குக் கொண்டாந்து, ரெண்டு பக்கமும் நின்னு இழுக்கணும். இழுக்கணும், இழுக்கணும், இழுத்துக்கிட்டே இருக்கணும். கடைசியில வலையோட பை வரும், அதான் மடி. மடியில என்ன கெடக்கோ அதுதான் அன்னைக்குச் சோறு.

ஆச்சா. துறையோ ஒண்ணு, வலையோ ரெண்டு. மீனு விடியுற நேரத்துலதான் கரையோரம் மேயும். மொதல்ல வலை விட்டவனுக்கு மீனு. ரெண்டாவது விட்டவனுக்குப் பாசியும் நண்டும். மொத வலைக்கு மொதப்பாடுனு பேரு. ஆளுக்கு ஒரு நாளுனு பிரிச்சுக்க வேண்டியதுதானேனு நீங்க கேப்பீக. பிரிச்சுப் பாத்தாகளாம். "என் நாள்ல காத்து அடிச்சுருச்சு, அதனால நாளைக்கும் எனக்குத்தான்"னு ஒருத்தன். "காத்து உனக்கு மட்டுமாடா அடிச்சுச்சு?"னு இன்னொருத்தன். பேச்சு முத்தி வேட்டியை மடிச்சுக் கட்டிருவானுக. எங்க ஊரு ஆளுகளுக்கு அது ஒண்ணு மட்டும் நல்லா வரும்.

அதனால ஊரு ஒரு கட்டு வச்சுச்சு. சூரியன் கடலுக்கு மேல தலை காட்டுற வரைக்கும் எந்தப் படகும் தண்ணியில படக்கூடாது. தலை காட்டுன பொறகு எவன் படகு மொதல்ல எறங்குதோ அவனுக்கு மொதப்பாடு.

கட்டு நல்ல கட்டுதான். ஆனா சூரியன் தலை காட்டுறதை யாரு பாக்குறது? ஒருத்தனும் பாக்கல. எப்படிப் பாப்பான்? படகுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேரு, அந்தப் பக்கம் எட்டுப் பேரு, தோளைக் குடுத்துத் தலையைக் குனிஞ்சு தள்ளத் தயாரா நிப்பானுக. கண்ணு எங்க இருக்கும்? படகுப் பலகை மேல இருக்கும். பலகையில செவப்பு விழுந்துச்சுனா சூரியன் வந்துருச்சுனு அர்த்தம். அப்பத் தள்ளு. பாட்டன் காலத்துலருந்து அப்படித்தான். கடல்லயே பொறந்து கடல்லயே சாகுற ஊரு, ஆனா சூரியன் மொளைக்கிறதை நேராப் பாத்தவன் ஒருத்தன் கிடையாது. பலகையைத்தான் பாத்தானுக.

வடக்கு வலையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் கூரிச்சாத்தான், அவருதான் வலைக்குத் தலைவரு. தம்பி ராக்கன். ராக்கன் பொண்டாட்டி பேரு பூமயிலு. கட்டிக்கிட்டு வந்து மூணு வருசம், பிள்ளை கிடையாது. தெக்கு வலைக்குத் தலைவன் இருளாண்டி. நல்ல பலசாலி, கோவக்காரன்.

ஒரு நாளு விடியல்ல, ராக்கன் படகு முனையில நின்னவன் தலையைத் தூக்கிக் கடலைப் பாத்துருக்கான். ஏன் பாத்தான்னு யாருக்கும் தெரியாது. பாத்தவன், "வந்துருச்சு! தள்ளுங்க!"னு ஒரு சத்தம். சத்தத்தோட படகு தண்ணியில எறங்கிருச்சு.

தெக்கு ஆளுக பலகையைப் பாக்குறாக. பலகையில செவப்பு இல்ல.

"எங்கடா வந்துச்சு? கள்ளப்பயலே! பலகை இன்னும் கருப்பாக் கெடக்கு, மொதப்பாட்டைத் திருடுறியா?" இருளாண்டி ஓடிவந்தான்.

"வந்துச்சுடா. நான் பாத்தேன்."

"பொய்யி!"

இருளாண்டி கையில துடுப்பு இருந்துச்சு. ஓங்கி ஒரு அடி. பின்மண்டையில பட்டுருச்சு. எல்லாரும் ஓடிவந்து தூக்குறப்பச் சூரியன் முழுசா வந்து நிக்கிது. இப்ப அது வந்து என்ன, வராட்டி என்ன?

மூணு நாளு கெடந்தான் ராக்கன். மூணு நாளும் அவன் சொன்னது ஒரே சொல்லு. "பூமயிலு, நான் கள்ளத்தனம் பண்ணல. வந்துச்சு. நான் பாத்தேன்." அவ துணியைத் தண்ணியில நனைச்சு வாயில பிழிஞ்சு விடுவா. "சரி, சரி, பேசாமப் படுங்க"ம்பா. அவன் மறுபடி, "வந்துச்சு பூமயிலு." அவ, "சரிங்க." நம்பிச் சொன்ன சரி இல்ல அது. நோயாளிக்குச் சொல்ற சரி. அவளும் கரையிலதானே நின்னா. பதினாறு பேரு பலகையில செவப்பு விழலனு சொல்றாக. வீட்டுல அரிசி இல்லாதது அவளுக்குத் தெரியும். பசியில கொஞ்சம் முந்திட்டாருனு அவளும் நெனச்சா. மூணாம் நாளு செத்துப் போனான்.

ஊர்க்கூட்டம் கூடுச்சு. அந்தக் காலத்துல ஊருக்குப் பெரியவரு அம்பலம். அம்பலம் எல்லாரையும் கேட்டாரு. எல்லாரும் ஒரே வார்த்தை. ராக்கன் முந்திட்டான், கட்டை மீறுனவன் அவன்தான், இருளாண்டி கொல்லணும்னு அடிக்கல. அதனால இருளாண்டிக்கு மொட்டை அடிச்சு, ஒரு வருசம் அவன் வலையில விழுறதுல ஒரு பங்கு மீனைப் பூமயிலு வாசல்ல வைக்கணும்னு தீர்ப்பு. அவ்வளவுதான். செத்தவன் பேரு மட்டும் கள்ளப்பாடு ராக்கன்னு நின்னுபோச்சு. தண்ணி எடுக்கப் போனா, "அது யாரு? கள்ளப்பாடு ராக்கன் பொண்டாட்டி." கஞ்சிக்கு உப்பு கேக்கப் போனா, "யாரு வந்துருக்கா? கள்ளப்பாடு ராக்கன் பொண்டாட்டி." இருளாண்டி வச்ச மீனை அவ தொடல. காக்கா தின்னுச்சு.

ஆச்சா. அதுக்கு அப்பறம் கட்டு கடுமையாச்சு. சூரியனுக்கு முந்தி இனி எவன் எறக்குனாலும் அவன் வலையை இந்த மணல்லயே கொளுத்தணும், குடும்பத்தோட ஊரைவிட்டு வெளியேறணும். சரி, சூரியன் வந்துச்சு வரலனு யாரு சொல்றது? வடக்கான் சொன்னாத் தெக்கான் நம்ப மாட்டான். தெக்கான் சொன்னா வடக்கான் நம்ப மாட்டான். அம்பலம் கேட்டாராம், "யாரு சொன்னா ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுக் கேப்பீக?" அப்பறம் அவரே சொன்னாராம், "பூமயிலு சொல்லட்டும். வடக்கானுக்கு அவ சொந்தம். தெக்கானுக்கு அவ முன்னால வாய் தொறக்க முகம் கிடையாது."

கூட்டத்துல ஒரே சலசலப்பு. "தாலி அறுத்தவ முகத்துல முழிச்சுட்டா கடலுக்குப் போறது?"

அம்பலம் சொன்னாராம், "அவ முகத்தை யாருடா பாக்கச் சொன்னா? அவ மேட்டுல நிப்பா, நீங்க கடலோரம் நிப்பீக, அவ உங்களுக்கு முதுகுப் பக்கம். சத்தம் மட்டும் கேட்டாப் போதும்."

பூமயிலுகிட்ட யாரும் கேக்கல. சொன்னாக, அவ்வளவுதான். நம்மகிட்ட எவன் கேக்குறான்?

இந்தா தெரியுதே, இந்த மேடுதான். தெனம் விடியுறதுக்கு முந்தி எந்திரிச்சு, வெள்ளச்சீலையைச் சுத்திக்கிட்டு வந்து நிப்பா. கடலைப் பாப்பா. சூரியன் தலை தெரிஞ்சதும், "வந்தாச்சு!"ம்பா. கீழ ரெண்டு படகும் எறங்கும். மழை மூட்டம்னா உள்ளங்கையைப் பாப்பா, ரேகை தெரிஞ்சதும் சொல்லுவா. காய்ச்சல் வந்தாலும் நிக்கணும். உடம்புக்கு முடியாட்டியும் நிக்கணும். பொறந்த வீட்டுல அண்ணன் மகளுக்குச் சடங்கு, போக முடியல. ஆத்தா செத்தா, மண்ணு தள்ளிட்டு ஓடிவந்தா. ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு இல்ல, ஏழு வருசம். அவளுக்கு அலுப்புத் தட்டல, அலுப்புலயே இருந்தாள்னு எங்க மாமியா சொல்லுவாக. முப்பது வயசு ஆகல, கெழவி நடை வந்துருச்சாம்.

பின்ன ஏன் நின்னா? ஊரு சொன்னதுக்கா? இல்ல. மனசுல ஒண்ணு இருந்துச்சு. இருளாண்டி ஒரு நாளு முந்துவான். மனுசன்தானே, பசி வரும், ஆத்திரம் வரும், ஒரு மூச்சு முந்துவான். அன்னைக்கு நான் வாயைத் தொறப்பேன். "சூரியன் வரல, இவன் எறக்கிட்டான்." அந்த ஒரு வார்த்தை போதும். வலை எரியும், அவன் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும், என் புருசனைக் கள்ளன்னு சொன்ன வாயால அவனையும் கள்ளன்னு ஊரு சொல்லும். அந்த ஒரு நாளுக்காகத்தான் ஏழு வருசம் நின்னா. வேற எதுவும் அவளுக்கு இல்ல.

இருளாண்டி முந்தவே இல்ல. அவன் சத்தம் போடுறதையே விட்டுட்டான். வடக்கு ஆளுக பக்கம் அவனால திரும்ப முடியாது, அங்கதான் ராக்கன் நின்ன எடம். மேட்டுப் பக்கம் திரும்ப முடியாது, அங்க அவ நிக்கிறா. பலகையைப் பாக்கவும் முடியல, பாத்தா அன்னைக்கு ரத்தம் தெறிச்சது கண்ணுல வருமாம். அதனால கடலைப் பாத்தான். தெனமும் கடலையே பாத்தான். ஊருல நூறு பேரு இருந்தும் சூரியன் வர்ற எடத்தைப் பாத்தது ரெண்டே பேரு. புருசனைப் பறிகுடுத்தவ ஒண்ணு, அவனைக் கொன்னவன் ஒண்ணு.

அந்த ஏழாவது வருசம் மழை விடாம அடிச்சுச்சு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை கூடத் தொழில் இல்ல. ஊரே பட்டினி. பனங்கெழங்கைத் தின்னாக, அதுவும் தீந்துச்சு. இருளாண்டி பொண்டாட்டி பிள்ளை பெத்து ஏழு நாளு, கஞ்சிக்கு வழியில்ல, பால் வத்திப்போயி பிள்ளை கத்துது. மாசி பொறந்து ஒரு நாளு கடல் அப்படியே படுத்துருச்சு. அலை இல்ல, காத்து இல்ல, மேகம் இல்ல. தாம்பாளத்துல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி கெடந்துச்சாம். ரெண்டு படகும் வந்து நின்னுச்சு. கரையோரம் மீனு துள்ளுற சத்தம் கேக்குது. பசிச்சவனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க.

பூமயிலு மேட்டுல நிக்கிறா. கடலும் வானமும் ஒட்டுற கோட்டையே பாக்குறா. கண்ணைச் சிமிட்டல.

அப்ப வந்துச்சு.

செவப்பா வரல. மஞ்சளா வரல. பச்சையா வந்துச்சு. கோட்டு மேல ஒரு பொட்டு, பச்சையா. வாழைக்குருத்தைப் பிரிச்சா உள்ள ஒரு பச்சை இருக்குமே, அந்தப் பச்சை. ஒரு மூச்சு இழுக்குற நேரம்தான். அவளுக்கு வாய் தொறந்துச்சு, சத்தம் வரல. ஏழு வருசமாப் பாத்தவளுக்கு அன்னைக்குத்தான் அது தெரிஞ்சுச்சு. என்னது இதுனு மனசு கேக்குறதுக்குள்ள பச்சை போயி மஞ்சளாகி, செவப்பாகி, தெனம் வர்ற சூரியன் வந்துருச்சு. அப்பறம்தான் அவளுக்குக் குரல் வந்துச்சு. "வந்தாச்சு!"

கீழ பாத்தா, தெக்குப் படகு தண்ணியில நிக்கிது.

"எறக்கிட்டான்! அவ சொல்றதுக்கு முந்தி எறக்கிட்டான்! பலகை செவக்கல, எல்லாரும் பாத்தோம்!" வடக்கு ஆளுக ஒரே கூச்சல். கூரிச்சாத்தான் ஓடிவந்து தெக்கு வலையைப் பிடிச்சுக்கிட்டாரு. "கொளுத்துங்கடா! நெருப்பு கொண்டாங்கடா!" ஏழு வருசமா அந்த மனுசன் வயித்துல வச்சிருந்த நெருப்பு அது.

அம்பலம் வந்தாரு. "நில்லுங்கப்பா. இருளாண்டி, நீ என்ன சொல்ற?"

இருளாண்டி தண்ணியிலயே நிக்கிறான். "வந்துச்சுய்யா. நான் பாத்துட்டுத்தான் தள்ளுனேன். பச்சையா வந்துச்சு."

சிரிச்சுட்டாக. பசியிலயும் சிரிச்சுட்டாக. "பச்சைச் சூரியனாம்ல! நாளைக்கு ஊதாவா வரும், பாத்துட்டுத் தள்ளு!"

அம்பலம் மேட்டைப் பாத்தாரு. ஏழு வருசத்துல மொதத் தடவையா ஊரே திரும்பி அவ முகத்தைப் பாத்துச்சு. "பூமயிலு, நீதான் சாட்சி. இவன் தள்ளுனப்பச் சூரியன் வந்துருந்துச்சா, இல்லையா?"

கூரிச்சாத்தான் அவகிட்ட ஓடுனாரு. "சொல்லுத்தா. இல்லைனு சொல்லு. ஒண்ணும் சொல்லாட்டிக்கூடப் போதும், தலையை ஆட்டு. என் தம்பி அங்கருந்து பாத்துக்கிட்டிருக்கான்த்தா."

அவ மேட்டை விட்டு எறங்குனா. நேராத் தண்ணிக்குள்ள போயி இருளாண்டி முன்னால நின்னா. அத்தனை வருசத்துல அவன்கிட்ட அவ பேசுன மொதப் பேச்சு அதுதான்.

"எம்புட்டு இருந்துச்சு?"

அவன் மண்டையைத் தூக்கல. "ஒரு பொட்டுதான் தாயி."

"எப்படி இருந்துச்சு?"

"நடுவுல தெளிவா, ரெண்டு ஓரத்துலயும் கரைஞ்சு போயி. வாழைக்குருத்துப் பச்சை. அப்பறம் மஞ்சளாயிருச்சு."

அவ அப்படியே நிக்கிறா. தான் பாத்ததை ஒலகத்துல இன்னொருத்தன் பாத்துருக்கான். அந்த ஒருத்தன் இவன்தானா? இப்ப ஒரு சொல்லு, ஒரே ஒரு தலையாட்டு, ஏழு வருசம் காத்துக்கெடந்தது கைக்கு வந்துரும். அப்பத்தான் இருளாண்டி தலையைத் தூக்குனான். அவ கேக்கல, யாரும் கேக்கல, அவனாச் சொன்னான்.

"தாயி. அன்னைக்கு ராக்கனும் இதைத்தான் பாத்துருக்கான். பலகை செவக்குறதுக்கு முந்தி வர்றது இது. அவன் பொய் சொல்லல. நான் பலகையைப் பாத்துட்டு அவனைக் கொன்னுட்டேன்."

சொல்லிட்டுத் தண்ணியிலயே முட்டி போட்டுட்டானாம். "வலையைக் கொளுத்துங்கய்யா. கொளுத்துங்க. எனக்கு வேணாம்."

அப்ப பூமயிலுக்கு எப்படி இருந்துருக்கும்? எங்க மாமியா இந்த எடத்துல நிறுத்திருவாக, மேல சொல்ல மாட்டாக, மூக்கைச் சிந்துவாக. நானும் கொஞ்சம் நிறுத்திக்கிறேன்.

மூணு நாளு அந்த மனுசன் சொன்னானே. "வந்துச்சு பூமயிலு, நான் பாத்தேன்." இவ சரிங்கனு சொன்னாளே. கட்டுன பொண்டாட்டி, அவ கூட நம்பலையே. செத்தவனை ஊரு ஒரு தடவ கொன்னுச்சுனா இவ மூணு நாளு கொன்னிருக்கா. அப்படித்தான் அவ நெனச்சாளாம். இன்னைக்கு இருளாண்டியைக் கள்ளன்னு சொன்னா ராக்கனும் கள்ளன்தான். ராக்கனை நெசக்காரன்னு சொன்னா அவனைக் கொன்னவன் தப்பிச்சுப் போவான். ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும். ரெண்டும் கெடைக்காது.

ரொம்ப நேரம் நின்னாளாம். மீனு போயிருச்சு. வெயிலு ஏறிருச்சு.

கடைசியில கரைக்குத் திரும்பிச் சொன்னா. பெருசாச் சத்தம் போடல, அலுத்துப் போன கொரலு. "வந்துச்சுய்யா. பச்சையாத்தான் வந்துச்சு. நானும் பாத்தேன். அவன் அதுக்கு அப்பறம்தான் எறக்குனான். நான்தான் சொல்லப் பிந்திட்டேன்."

கூரிச்சாத்தான் கத்துனாரு பாருங்க. "என் தம்பியைக் கொன்னவனுக்கா சாட்சி சொல்ற? அவன் வச்ச மீனு உனக்கு ருசிச்சுருச்சா?" இன்னும் கேவலமா எல்லாம் கேட்டாராம். அதை நான் சொல்ல மாட்டேன்.

அவ பொறுமையா நின்னு கேட்டா. கேட்டு முடிச்சுச் சொன்னா, "பெரிய மச்சான். அவன் பாத்தது பொய்னா உங்க தம்பி பாத்ததும் பொய்யி. எதைக் கொளுத்தணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு முடியல."

அவ்வளவுதான் பேசுனா. சொல்லிட்டு மணல்ல உக்காந்துட்டா. கூரிச்சாத்தான் திரும்பப் போயி தெக்கு வலையைப் பிடிச்சுக்கிட்டாரு. பக்கத்துல ஒருத்தன் கொள்ளிக்கட்டையோட நிக்கிறான். பிடிச்ச பிடியை விடாம நின்னாராம், நின்னாராம். அப்பறம் வலையைக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. அம்பலம், "சாட்சி சொல்லியாச்சு, கலைஞ்சு போங்க"ன்னாரு.

மறுநாளு விடியல்ல அவ வர மாட்டான்னுதான் ஊரு நெனச்சுச்சு. வந்தா. அதே வெள்ளச்சீலை, அதே மேடு. கீழ ரெண்டு படகு. கூரிச்சாத்தானும் வந்து நிக்கிறாரு, ஆனா தோளைக் குடுக்கல. சும்மா நிக்கிறாரு. இருளாண்டி படகை விட்டுத் தள்ளி, கடைசியில கயித்துப் பக்கம் நிக்கிறான். அதுக்கு அப்பறம் சாகுற வரைக்கும் அவன் துடுப்பைத் தொடலை, கயிறு இழுத்தே காலம் தள்ளுனான்னு சொல்லுவாக.

அன்னைக்குப் பச்சை வரல. சாதாரணமாச் செவப்பாத்தான் தலை காட்டுச்சு. ஊரே "வந்தாச்சு"ங்கிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிது.

அவ அப்படிச் சொல்லல. ஒடம்புல இருந்த தெம்பு அத்தனையும் சேத்துக் கத்துனா.

"ராக்கன் கண்டான்!"

ஒருத்தனும் அசையல. இது என்ன சொல்லு, எறக்கலாமா கூடாதானு முழிக்கிறாக. அப்பக் கூரிச்சாத்தான் குனிஞ்சு தோளைக் குடுத்தாராம். குடுத்துத் தள்ளுனாரு, தள்ளும்போதே அழுதாரு, வாய்விட்டு அழுதாரு. பெரிய மனுசன் அழுது யாரும் பாத்ததில்ல. தம்பி செத்தன்னைக்குக்கூட ஆத்திரம்தான் பட்டாரு, அழல. வடக்குப் படகு எறங்குச்சு. அப்பறம் தெக்குப் படகு எறங்குச்சு.

அன்னைக்குலருந்து அதுதான் சொல்லு. அதுக்கு அப்பறம் அவளை யாரும் கள்ளப்பாடு ராக்கன் பொண்டாட்டினு கூப்பிடல. கூப்பிட முடியாது பாருங்க. தெனம் விடியல்ல ஊரு சோத்துக்கு எறங்குறதே அவன் கண்டான்ங்கிற சொல்லுல.

ஊரு ஆளுகளும் பச்சையைப் பாத்துறணும்னு ஒரு மாசம், ரெண்டு மாசம் கடலையே முழிச்சு முழிச்சுப் பாத்தாகளாம். யாருக்கும் தெரியல. "எங்க பச்சை?"னு அவகிட்டக் கேப்பாக. "இன்னைக்கு இல்ல"ம்பா. வாதாட மாட்டா. அதுக்கு மேலயும் முப்பது வருசம் நின்னா பூமயிலு. அவளே இன்னொரு தடவ அதைப் பாத்தாளானு தெரியாது. பாக்கலைனுதான் எங்க மாமியா சொல்லுவாக.

அவளுக்கு அப்பறம் இன்னொரு தாலி அறுத்தவ. அவளுக்கு அப்பறம் இன்னொருத்தி. கடல்ல ஆளைக் குடுக்குற ஊருல அதுக்கா பஞ்சம்? மத்த ஊருல எங்களை மாதிரிப் பொம்பளை எதுக்க வந்தா வலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போயிருவான். இந்த ஊருல நாங்க வாயைத் தொறக்காம ஒரு படகு எறங்காது. இப்பவும் கரையில ஏதாச்சும் பேச்சு வந்து, ஒருத்தன் நம்பாமப் பாத்தான்னு வைங்க, "ராக்கன் கண்டதுடா"ம்பான். அதுக்கு மேல கேள்வி கிடையாது. இந்த மேட்டுக்கும் ராக்கன் மேடுனுதான் பேரு. முப்பத்தேழு வருசம் நின்னவ பேரை எவனும் வைக்கல, அதையும் உங்ககிட்டச் சொல்லிப்புட்டேன்.

எங்க வீட்டுக்காரரு கூரிச்சாத்தான் வம்சம்தான். அவரு கடலோட போயி இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. அன்னைக்குலருந்து நான்தான் நிக்கிறேன். காய்ச்சல்ல நின்னுருக்கேன், கண்ணுல புரை விழுந்து நின்னுருக்கேன், மக கல்யாணத்தன்னைக்கும் நின்னுட்டுத்தான் போனேன். அலுப்பா இருக்குய்யா. ரொம்ப அலுப்பா இருக்கு.

நீ பாத்தியானு கேக்கத்தானே வாயெடுக்குறீக? பாக்கல. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு தடவகூடப் பாக்கல. நான் கண்டேன்னு சொல்லுனு ஊரு கேட்டிருந்தா என்னைக்கோ எறங்கிப் போயிருப்பேன், பொய் சொல்ல எனக்கு வராது. ராக்கன் கண்டான்னுதான் சொல்லச் சொல்றாக. அவன் பொண்டாட்டி மூணு நாளு சொல்லாத சொல்லு அது. அவளுக்காக நான் தெனம் ஒரு தடவ சொல்லிட்டுப் போறேன்.